அரக்கு கலர்ல இருக்கா?

காஞ்சிபுரம் காந்தி ரோடில் பட்டுக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்து, 'சார், நம்ம கடையில ஏ.ஐ. வெச்சிருக்கோம். வந்து குறை சொல்லுங்க' என்றார். குறை சொல்லக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? போனேன். (வழியில் கோயில் இட்லி. அதில் குறை இல்லை.)

கடையின் இணையப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. தமிழிலோ, இங்கிலீஷிலோ, இரண்டையும் கலந்தோ கேட்கலாம். பதில் நேராக நடப்பு ஸ்டாக் கணக்கிலிருந்தே வரும் என்றார். 'அரக்கு கலர்ல, கோர்வை பார்டர் வெச்சு, முப்பதாயிரத்துக்குள்ள முகூர்த்தப் புடவை இருக்கா?' என்று அடித்தேன். மூன்று விநாடியில், மிகுந்த மரியாதையுடன், இல்லை என்றது. நான் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தில், என் முழங்காலை ஒட்டி, அரக்குப் புடவைகள் நாலு கிடந்தன.

காரணம் எளிது. கணக்கில் அவை 'மெரூன்'. ஸ்டாக் ஏற்றிய பையனுக்கு உலகத்தில் பன்னிரண்டு நிறங்கள்தான். மயில்கழுத்து, கத்திரிப்பூ, வாடாமல்லி, எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். ப்ளூ எல்லாம் அவன் பட்டியலில் நீலம், ஊதா என்று அடங்கிவிட்டன.

உள்ளே நடப்பது இதுதான். பேசும் மாடலுக்கு உங்கள் கடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது உங்கள் கேள்வியை எஸ்.க்யூ.எல். என்கிற கணக்குப் பாஷைக்கு மாற்றி அனுப்புகிறது. டேட்டாபேஸ் வரிசைகளைத் திருப்பித் தருகிறது. மாடல் அதற்குச் சட்டை பேன்ட் போட்டு வாக்கியமாக்குகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்று ஒரு பொது பிளக் மாதிரி வெளியிட்ட பிறகு, இந்த இணைப்பைக் கொடுப்பது கெட்டிக்காரப் பையனுக்கு அரை நாள் வேலை. அந்தச் சுலபம்தான் எனக்குக் கவலை.

ஆசை பழசு. அப்போலோ கொண்டுவந்த நிலாக் கற்களின் ரசாயன விவரங்களைச் சாதாரண இங்கிலீஷில் கேட்டால் பதில் சொல்ல, வில்லியம் வுட்ஸ் என்பவர் 'லூனார்' என்று ஒரு ப்ரோக்ராம் எழுதினார். 1971-ல் நிலவியல் விஞ்ஞானிகள் முன்னால் அதை வைத்தபோது சுமார் 78 சதவிகிதக் கேள்விகளைச் சமாளித்தது. ஆனால் கல் அங்கேயே இருக்கும். புடவை இருக்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பேக்கரியில் பன் நூறு இருந்தால் நூறும் ஒன்றுதான். கைத்தறிப் பட்டில் பெரும்பாலும் எண்ணிக்கை என்கிற கட்டத்தில் '1' என்றே இருக்கிறது. அந்த ஒன்று இப்போது எங்கே? பீரோவிலா, ஜமக்காளத்தில் விரித்து ஒரு கல்யாண கோஷ்டி மாமியார் வருகைக்காகக் காத்திருக்கிறதா, 'வெளிச்சத்தில் பார்க்கிறோம்' என்று வாசலுக்குப் போயிருக்கிறதா, முடிச்சுப் போட அனுப்பியிருக்கிறதா? பில் போடும்வரை கணக்கில் அது 'இருக்கிறது'. அதே சமயம் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் பெட்டியில் கேட்டால், 'ஆம், ஒன்று உள்ளது' என்று சொல்லிவிடும். இதற்கு லைவ் டேட்டாபேஸ் என்று பெயர். கணக்கு லைவ்தான். கடைதான் கணக்கைவிட வேகமாக ஓடுகிறது.

அடுத்து ஜரிகை. 'இது சுத்த ஜரிகையா?' என்று ஒரு புடவையைப் பற்றிக் கேட்டேன். 'சில்க் மார்க் உள்ளது, எனவே சுத்த ஜரிகை' என்றது. நண்பர் முகம் மாறிவிட்டது. 2004-ல் வந்த சில்க் மார்க் முத்திரை, பட்டு பட்டுதான் என்று மட்டும் சொல்கிறது. ஜரிகை பற்றி அதற்கு அபிப்பிராயம் கிடையாது. அசல் ஜரிகை என்பது பட்டு நூல்மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளிக்குப் பதில் செம்பு போட்டதும் பார்வைக்கு அதேபோல் மின்னும், விலையில்தான் மலையும் மடுவும். அந்தப் புடவைக்குக் கணக்கில் ஜரிகைக் கட்டம் காலியாக இருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாதது இந்த மாடல்களின் சுபாவம்.

'மெஷின்தானே சொல்லிச்சு?' என்று தப்பிக்க முடியாது. பாட்டி இறந்ததற்காகப் பயணம் போன ஒருவரிடம், சலுகைக் கட்டணத்துக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் தப்பாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்கிற ரீதியில் கம்பெனி வாதாடியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்காமல், சுமார் 812 கனடா டாலர் கொடுக்க வைத்தது. நம் ஊரிலும் நுகர்வோர் கோர்ட் இருக்கிறது. 2005-06-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஒரு பெயரை ஒரு பெட்டி மூன்று விநாடியில் அடகு வைக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

நண்பர் அடுத்த புடவையை எடுப்பதற்குள் நான் விஷமமாக, 'இந்தப் புடவைக்கு நெசவாளருக்கு என்ன கூலி கொடுத்தீங்க?' என்று அடித்துவிட்டேன். தயங்காமல் சொல்லிவிட்டது! நெசவாளர் பெயர், அவருக்குக் கொடுத்த பாவு, பட்டு, ஜரிகையின் எடை, முன்பணப் பாக்கி உட்பட. எல்லாம் ஒரே டேட்டாபேஸ். சாவிக்கொத்தை அப்படியே கொடுத்திருக்கிறார்கள். நண்பர் பாய்ந்து லேப்டாப்பை மூடினார். நெசவாளரின் கடன் பாக்கி ஊருக்குத் தெரியக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூலி தெரிந்தால் என்ன என்று கேட்டேன். 'அதெல்லாம் வேணாம் சார்' என்றார். (இந்தக் கேள்விக்கு ஏ.ஐ. தேவையில்லை என்பது வேறு விஷயம்.)

பையனைக் கூப்பிட்டு விசாரித்ததில், அந்தப் பெட்டிக்குப் படிக்க மட்டுமல்ல, எழுதவும் அழிக்கவும் உரிமை கொடுத்திருந்தான். 2025 ஜூலையில் ரெப்லிட் என்கிற சேவையின் ஏ.ஐ., எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒருவரின் நடப்பு டேட்டாபேஸை அழித்தது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட அதிகாரிகளின் விவரங்கள் அதில் இருந்தன. மீட்க முடியாது என்று வேறு சாதித்தது. அப்புறம் மீட்க முடிந்தது. இதைச் சொன்னதும் பையன் உட்கார்ந்து உரிமையைக் குறைத்தான். ஐந்து நிமிட வேலை.

மெரூனுக்கு வைத்தியம் கம்ப்யூட்டரில் இல்லை. முப்பது வருஷமாக அந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர் ஒருவர் இருக்கிறார். எது அரக்கு, எது எங்கே போயிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். இப்போது பெட்டி புடவை 'இருக்கு', 'இல்லை' என்று தானாகச் சொல்வதில்லை. கேள்வியை அவர் போனுக்கு அனுப்புகிறது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசுகிறார், பெட்டி அதை அழகாக எழுதித் தருகிறது. ஜரிகை பற்றிக் கேட்டால் பில்லில் எழுதித் தருவதாக மட்டும் சொல்கிறது.

மூன்று விநாடி பத்து நிமிஷமாகிவிட்டது. மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை பதிலே வராது, அவர் சாப்பிடப் போய்விடுவார்.