கண்ணாடியில் வார்த்த முத்திரைக்கல்

செதுக்கிய கல்லுக்குப் பதிலாகக் கண்ணாடியைப் பதித்த பழைய நகைகளைப் போலி என்று ஒதுக்குவது அநியாயம். ரோமானியர் காலத்திலேயே இது தேர்ந்த கைத்தொழில். செதுக்கிய கல்லை ஈரக் களிமண்ணில் அழுத்தினால் பள்ளமான உருவம் மேடாகப் பதியும். அந்த அச்சைச் சுட்டு, இளகிய கண்ணாடியை அதில் அழுத்தினால் உருவம் மறுபடி பள்ளமாகும். பல நாள் உழைத்துச் செதுக்கிய சிற்பம், இப்படிச் சாமானியர் மோதிரத்துக்கும் வந்தது.

நெய்வேலிக்கு வடகிழக்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு இதோடு உறவுள்ள ஊர். அங்கே கிடைத்த செதுக்குக்கல் ஒன்றிலுள்ள தலையை, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என 1937-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கருதினார். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். கல்மணியும் கண்ணாடி மணியும் செய்த பட்டறை ஊர் அது.

18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டாஸி கண்ணாடியில் வார்க்கும் இக்கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1791-இல் வெளியான அவரது பட்டியலில் 15,000-க்கும் மேற்பட்ட வார்ப்புகள் உள்ளன. ரஷ்யப் பேரரசி கேத்தரினும் ஒரு முழுத் தொகுதி வாங்கினார்.

உருப்பெருக்கியில் பார்த்தால் கல்லுக்கும் கண்ணாடிக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். கண்ணாடிக்குள் சிறு காற்றுக்குமிழிகள் தெரியலாம். கோடுகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். கல்லிலோ செதுக்குசக்கரம் ஓடிய தடம் கூர்மையாக நிற்கும். தொட்டால் கல் சில்லிடும், கண்ணாடி அவ்வளவு குளிராது.