ஹுத்ஹுத் கண்டு வந்த செய்தி: சாலிம் அலியை நாம் வாசிக்கும் முறை

நமது சஞ்சிகைகளில் "முஸ்லிம் விஞ்ஞானிகள்" பற்றி வரும் கட்டுரைகளுக்கு ஒரு அச்சு இருக்கிறது. இப்னு சீனாவில் தொடங்கும், அல்பிரூனியைத் தொட்டுச் செல்லும், "அந்தப் பொற்காலம் எங்கே போனது?" என்று முடியும். இருபதாம் நூற்றாண்டுக்கு யாராவது வந்தால், பறவையியலாளர் சாலிம் அலி என்று ஒரு வரி எழுதுவார். 1985இல் வெளியான அவரது தன்வரலாறான 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பாரோ'வை வாசித்த ஒருவருக்கு அந்த ஒரு வரியோடு நிற்க மனம் வராது.

1896இல் பம்பாயில் ஒரு சுலைமானி போரா குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, மாமாவின் வீட்டில் வளர்ந்த பையன் அவர். துப்பாக்கியால் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்றைக் கண்டான். வழக்கமான குருவியாக இது இல்லையே, இதைச் சாப்பிடலாமா என்ற தயக்கம் வந்தது. அந்தத் தயக்கம்தான் அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வாசல் வரை கொண்டு போனது. ஹலாலா என்று கேட்கத் தொடங்கிய பிள்ளை, இது என்ன பறவை என்று கேட்டு முடித்தான். நம் வீடுகளில் முதல் கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும். இரண்டாவது கேள்வியைப் பிள்ளை கேட்டால், "என்னத்துக்கு இதெல்லாம், போய்ப் பாடத்தப் படி" என்போம்.

நம் கட்டுரைகள் விட்டுவிடும் பகுதிகள்தான் இந்நூலின் உயிர். சாலிம் அலியிடம் பல்கலைக்கழகப் பட்டம் இருக்கவில்லை. அதனாலேயே அவர் விரும்பிய அரசாங்கப் பதவி கைநழுவியது. பெர்லினில் ஸ்ட்ரெஸ்மானிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியபோது இருந்த வேலையும் போயிருந்தது. வேலையற்ற அந்தக் காலத்தில் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுப் பெண்ணின் சம்மதத்துக்குக் காத்திருப்பதையும், அவள் ஏற்றதும் அதை முடித்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்குவதையும் பதிவு செய்தார். பறவையியலில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த வேலைகளில் இதுவும் ஒன்று.

இன்னொன்றையும் மறைக்கிறோம். உள்ளம் ஒன்றாத சடங்குத் தொழுகையைப் பற்றியும், மூத்தவர்களின் வெளிவேடம் பற்றியும் அவர் கசப்போடு எழுதியிருக்கிறார். அந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவரைப் பெருமைக்கு எடுத்துக்கொண்டு, அவர் சொன்னதை வெட்டிவிடுவது நேர்மையான விமர்சனம் ஆகாது. பதில் சொல்லலாம், இல்லாதது போல நடிக்கக் கூடாது.

நூலின் குறை என்று நான் கருதுவது வேறு. அது ஒரு தனிமனிதனின் பயணக்கதை. அவர் தேடிய அறிவு வகுப்பறைக்குள் எப்படிப் போனது என்று அறிய வட இந்தியாவின் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும். பட்டமில்லாத அந்த மனிதருக்கு 1958இல் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிய அதே பல்கலைக்கழகம், 1986இல் வனவுயிரியலுக்கும் பறவையியலுக்குமாக ஒரு மையத்தைத் தொடங்கியது. இன்று அது வனவுயிர் விஞ்ஞானத் துறை. கானமயிலை ஆராய்ந்த அசத் ரஹ்மானி அங்கு கற்பித்துவிட்டுத்தான் பம்பாய்ச் சங்கத்தின் பணிப்பாளரானார். சாலிம் அலியின் மாணவரான எச்.எஸ்.ஏ. யஹ்யா, கேரளத்துப் பெரியாறுக் காட்டில் குக்குறுவான்களை ஆராய்ந்து, பின் அலிகாரில் பேராசிரியராக இருந்தார். வனவுயிர்ப் பாதுகாப்பை இஸ்லாமிய நோக்கில் பேசும் நூலொன்றையும் எழுதினார்.

யஹ்யா போன வரிசையைக் கவனியுங்கள். முதலில் காடு, பிறகு வகுப்பறை, அதன்பிறகு மார்க்க நோக்கு நூல். நம் பக்கங்களில் வரும் "இஸ்லாமும் இயற்கையும்" வகைக் கட்டுரைகள் மூன்றாவதில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத் பற்றிய வசனங்கள் வரும். ஓர் எறும்பைக்கூட எழுதியவர் குனிந்து பார்த்த தடயம் இருக்காது. ஒன்பதாம் நூற்றாண்டில் 'கிதாபுல் ஹயவான்' எழுதிய அல்ஜாஹிஸ், காதில் விழுந்ததையெல்லாம் அப்படியே ஏற்றவர் அல்ல. சூரத்துந் நம்லில் ஹுத்ஹுத் சுலைமான் நபியிடம் சொல்வதும், தான் நேரில் கண்டு உறுதியாகக் கொண்டு வந்த செய்தியைத்தான். அந்த ஹுத்ஹுத் என்பது கொண்டலாத்தி; நம் வறண்ட நிலத்தில் கொண்டை விரித்து நடக்கிற அதே பறவை. ஓதத் தெரிந்த எத்தனை பிள்ளைகளுக்கு அது தெரியும்?

குச்சவெளிக்கு இது வெறும் இலக்கியக் கேள்வி அல்ல. எங்கட பகுதியில் 'வனசீவராசி' என்ற சொல் பெரும்பாலும் எல்லைக்கல்லாகவும் அறிவிப்புப் பலகையாகவும்தான் வந்து சேர்கிறது. நிலாவெளிக்கு அப்பால் உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கு முட்டையிடும் மாடப்புறாவைப் பற்றி, களப்புக்கு வரும் வலசைப் பறவைகளைப் பற்றி, மீனவர்களுக்குத் தெரிந்ததை எழுதிவைத்த தமிழ் நூலொன்று எங்கள் பாடசாலை நூலகத்தில் இல்லை. ஒரு காணி யாருக்கு, ஒரு கரை எதற்கு என்று பேச்சு வரும்போது, அறிக்கையோடு வருபவரின் சொல் எடுபடும். வெறுங்கையோடு நிற்பவருக்கு முறைப்பாடு மட்டுமே மிஞ்சும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வைத்தியர் என்ற ஒரே வாசலைக் காட்டி, வெட்டுப்புள்ளியில் தவறியவர்களைத் தோற்றவர்களாக்கும் நாம், அந்த அறிக்கையை எழுதக்கூடிய ஆளை உருவாக்கவில்லை.

ஆகவே சாலிம் அலியைப் பெருமைப் பட்டியலிலிருந்து இறக்கி, பாடமாக வாசிக்க வேண்டும். நமது காலாண்டிதழ்கள் இயற்கை பற்றி அடுத்து வெளியிடும் கட்டுரையில் வசனத்தோடு கூடவே, எழுதியவர் எந்தக் கரையில், எந்த மாதத்தில், என்ன பார்த்தார் என்பதும் இருக்கட்டும். இல்லையென்றால் ஆசிரியர் குழு அதைத் திருப்பி அனுப்பட்டும்.