65 லேபிளும் ஒரு திருத்தமும்

பீளமேட்டில் மோட்டார், பம்பு பட்டறைகளுக்கு ஸ்டிக்கரும் கல்லூரிப் பக்கம் விசிட்டிங் கார்டும் போட்டுத் தரும் டிடிபி கடைகளில், ஒன்றை வடிவமைத்துத் தாள் நிறையப் பரப்புவது அன்றாட வேலை. பேஜ்மேக்கர், கோரல்டிரா, இன்டிசைன் மூன்றிலும் அதற்கு வசதி உண்டு. எதை நம்பலாம்?

கடையில் கிடைக்கும் ஒருவகை ஏ4 ஸ்டிக்கர் தாளில் 65 லேபிள்கள். குறுக்கே 5, நெடுக்கே 13. ஒவ்வொன்றும் 38.1 × 21.2 மி.மீ. நெடுக்கில் இடைவெளியே கிடையாது. 21.2-ஐ 21 என்று அடித்துவிட்டால் இரண்டாம் வரிசையில் 0.2 மி.மீ. பிழை கண்ணில் படாது. பதின்மூன்றாம் வரிசைக்குள் அது 2.4 மி.மீ. ஆகி, எழுத்து மேல் லேபிளில் ஏறிவிடும். எனவே மென்பொருள் நம்மிடம் எந்த எண்ணைக் கேட்கிறது என்பதுதான் முதல் உரைகல்.

பேஜ்மேக்கரின் மல்டிபிள் பேஸ்ட், ஒரு லேபிளின் விளிம்பிலிருந்து அடுத்ததன் அதே பக்க விளிம்பு வரையுள்ள தூரத்தைக் கேட்கும். ஒரு வரிசை போட்டபின் அதை மொத்தமாகப் பிடித்து மறுபடி ஒட்ட வேண்டும். 2001-இல் வந்த 7.0-உடன் அதன் வளர்ச்சி நின்றது. பழைய தமிழ் எழுத்துருக்களுக்காக அதை விடாத ஆபரேட்டர்களின் கைவேகத்தை மதிக்கிறேன்; ஆனாலும் இந்த வேலைக்கு அது போதாது.

கோரல்டிராவில் இடைவெளியையே நேராகக் கொடுக்கலாம்: குறுக்கே 2.5 மி.மீ. கூட்டல் கணக்கு தேவையில்லை. இன்டிசைனின் ஸ்டெப் அண்ட் ரிப்பீட் 38.1-ஐயும் 2.5-ஐயும் 40.6 என்று கூட்டித் தரச் சொல்கிறது. வெறும் வரிசையென்றால் மூலத்தை எண்ணிக்கையில் சேர்க்காது. சிஎஸ்5-இல் (2010) வந்த கட்ட அமைப்பென்றால் சேர்த்துக்கொள்ளும். அதே இன்டிசைன், பட்டியலிலிருந்து லேபிளுக்கு லேபிள் தரவை நிரப்பும் டேட்டா மெர்ஜில் மட்டும் இடைவெளியைக் கேட்கிறது. ஒரே மென்பொருளுக்குள் இரண்டு கணக்கு இருப்பது வடிவமைப்பின் குறை, ஆபரேட்டரின் கவனக்குறைவு அல்ல. இதுவரை கோரல்டிராதான் முன்னால்.

ஆனால் பட்டறைக்காரர் போன் எண்ணை மாற்றச் சொல்வது, பெரும்பாலும் எல்லாம் பரப்பி முடித்த பிறகுதான். 64 நகலை அழித்து மறுபடி பரப்ப அரை நிமிடம் போதும் என்பார்கள். ஒரே தாளென்றால் சரி. அதே ஸ்டிக்கர் ஏ4-இலும் 12 × 18 அங்குலத் தாளிலும் இருந்தால்? கோரல்டிராவின் குளோன் மூலத்தைப் பின்தொடரும்தான், ஆனால் ஒரே கோப்புக்குள். ஒரு நகலில் கைவைத்தால் அந்தப் பண்பில் அது தனிவழி போய்விடும். இன்டிசைனில் லேபிளைத் தனிக்கோப்பாக வைத்து, அதை இணைப்பாகக் கொண்டுவந்து, அந்தச் சட்டத்தைப் பரப்பலாம். மூலத்தைத் திருத்தி இணைப்பைப் புதுப்பித்தால் இரண்டு தாள்களும் மாறும்.

ஒருமுறை அடித்துத் தரும் கார்டுக்குக் கோரல்டிரா. ஆண்டுதோறும் திரும்பி வரும் பம்பு ஸ்டிக்கருக்கு இணைப்போடு கூடிய இன்டிசைன். அங்கே கூட்டல் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம், தூரம் கேட்கும் கட்டத்திலேயே 38.1+2.5 என்று அடித்தால் அதுவே கூட்டிக்கொள்ளும். லேபிளுக்கு லேபிள் சீரியல் எண் மாறுமானால் நகலெடுப்பை விட்டு டேட்டா மெர்ஜுக்குப் போக வேண்டும்.