தட்டை ஏந்துகிற பெண்ணுக்கு அல்வா இல்லை

2015-ல் ‘பாகுபலி’யில் சங்கிலியோடும் ‘ருத்ரமாதேவி’யில் வாளோடும் வந்த அனுஷ்கா, அதே வருஷம் நவம்பரில் சுமார் 20 கிலோ கூடுதலாக ‘இஞ்சி இடுப்பழகி’யில் வந்தார். தெலுங்கில் ‘சைஸ் ஜீரோ’. இயக்கம் பிரகாஷ் கோவலமுடி. படம் ஓடவில்லை. சமீபத்தில் மறுபடி பார்த்தேன். பாதிப் படம் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தப் பாதி ஊர்வசியுடையது. குண்டான மகளுக்கு வரன் அமையவில்லையே என்று தவிக்கும் அம்மா. வில்லி இல்லை, பாசம்தான். சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிசைகிறது. திருநெல்வேலி டவுனில் இந்த அம்மாவைத் தெருவுக்கு ஒருத்தராகப் பார்க்கலாம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு லாலா கடை அல்வா வந்துவிடும், நெய் சொட்டச் சொட்ட. தட்டை ஏந்தி வரப்போகிறவளிடம் அடுக்களையில் ரகசியமாக, “ஏட்டி, நீ தொட்டுராத. நாளைலருந்து வயித்தைக் கட்டு!”

பிறகு பிரகாஷ்ராஜ் ‘சைஸ் ஜீரோ’ என்று ஒரு இளைப்பு கிளினிக்கோடு வருகிறார். நம்பி வந்த பெண்களுக்கு அவர் கொடுப்பது அல்வா. (நெல்லைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் ஊர்ப் பண்டத்துக்கு இந்த அர்த்தத்தைக் கொடுத்தது மற்றவர்கள்தான்.) தோழி உயிருக்குப் போராட, காமெடி பிரசாரமாகிவிடுகிறது. என் புகார் இங்கேதான். எல்லாப் பழியும் கிளினிக் தலையில்! சோபாவில் உட்கார்ந்து, அல்வாவைத் தின்றுவிட்டு, “பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல...” என்று இழுத்தவர்களைப் படம் கேள்வியே கேட்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. போலி டாக்டரைப் பிடித்துவிடலாம். வரன் பார்க்கும் மாமாவை என்ன செய்வது?

அதே வருஷம் இந்தியில் வந்த ‘தம் லகா கே ஹைஷா’ அந்த மாமா வீட்டுக்குள்ளேயே போனது. ஹரித்வாரில் கேசட் கடைக்காரன்; பெண்டாட்டி பருமன் என்று அவனுக்கு வெட்கம். கடைசியில் மனைவியை முதுகில் சுமந்து ஓடும் போட்டி. அவள் இளைப்பதில்லை, அவன் தூக்கப் பழகிக்கொள்கிறான்.

தூக்குவது என்றதும் கிருஷ்ணாபுரம் ஞாபகம் வருகிறது. நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் இருக்கும் வெங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலத்துக் கல்லில் ஒரு குறத்தி, அரசகுமாரனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்தத் தொடைக்கும் தோளுக்கும் எந்த கிளினிக்கும் சர்டிபிகேட் தராது. ஆனால் இடுப்பு மட்டும் அந்தச் சிற்பிக்கும் சிறுத்துத்தான் வேண்டியிருந்தது! ஆண் பிள்ளை.

‘இஞ்சி இடுப்பழகி’யில் ஸ்வீட்டி இளைக்காமலே ஜெயித்துவிடுகிறாள். அனுஷ்காவுக்கு அந்தச் சலுகை இல்லை. அடுத்து ‘பாகுபலி 2’, இளவரசி தேவசேனா. ஏற்றிய கிலோக்களை இறக்க அவர் பட்ட பாடு 2017 வரை பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. அதையே ஒரு காமெடியாக யாராவது எடுக்கலாம். அம்மாவாக ஊர்வசியே இருக்கட்டும்.