பின் இருக்கையைப் பாருங்கள்

யார் வீட்டு ஷோகேஸிலாவது போர் விமான மாடல் இருந்தால், "அப்படியே நிஜம் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். செய்தவர் மாதக்கணக்கில் எதனோடு மல்லுக்கட்டினார் என்று தெரிந்துவிட்டால் அப்படி நகர மனம் வராது.

ஜப்பானின் ஷிசுவோகாவில் உள்ள தமியா நிறுவனம் 2021-ல் வெளியிட்ட எஃப்-4பி ஃபேன்டம் கிட்டையே எடுத்துக்கொள்வோம். அளவு 1/48. அமெரிக்கக் கடற்படைக்காக மெக்டொனல் நிறுவனம் உருவாக்கிய ஃபேன்டம் ஜெட் 1958 மே 27 அன்று முதன்முதலாகப் பறந்தது. இரண்டு எஞ்சின், இரண்டு இருக்கை. நிஜத்தில் கிட்டத்தட்ட 17.8 மீட்டர் நீளம். மேஜை மேல் 37 சென்டிமீட்டர்.

முதலில் குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து, நேர் எதிரே இருந்து பாருங்கள். இறக்கை தட்டையாகக் கிளம்பி, பாதிக்கு மேல் போனதும் சட்டென்று மேலே மடங்கும். வால் இறக்கைகளோ கூரைச் சரிவு போலக் கீழே இறங்கும். காற்றுச் சுரங்கச் சோதனையில் விமானம் பக்கவாட்டில் நிலைகொள்ளவில்லை. முழு இறக்கையையும் 5 டிகிரி உயர்த்த வேண்டியிருந்தது. அப்படிச் செய்தால் நடுவிலுள்ள டைட்டானியக் கட்டமைப்பையே மாற்ற வேண்டும். அதனால் வெளிப்பகுதியை மட்டும் 12 டிகிரி மடக்கிவிட்டார்கள். கணக்குக்கு அதே பலன். வால் சரிவு 23 டிகிரி. பசை காய்வதற்குள் இடமும் வலமும் நூலளவு மாறிப்போனாலும் இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஒத்துப்போயிருந்தால் வாய்விட்டுப் பாராட்டுங்கள். அது லேசான வேலையில்லை.

அடுத்தது நிறம். மேலே வெளிர் சாம்பல், வயிற்றில் வெள்ளை. ஆனால் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்கள் மேல்பக்கமும் வெள்ளையாகவே இருக்கும். அக்காலக் கடற்படை வழக்கம் அது. எஞ்சின் வாய்க்குப் பின்னால் பெயிண்டே கிடையாது, வெந்த உலோகம்தான். அங்கே ஒரே வெள்ளி நிறத்தை அடித்திருந்தால் எனக்குச் சப்பென்றிருக்கும். ஒரு தகடு மங்கல், பக்கத்துத் தகட்டில் பழுப்பு, ஓரத்தில் லேசான நீலம் என்று மாறிமாறி வர வேண்டும்.

அனுமதி கேட்டு மாடலைத் திருப்பிப் பாருங்கள். வயிற்றில் நான்கு பள்ளங்களில் ஸ்பாரோ ஏவுகணைகள் பாதி புதைந்திருக்கும். உடம்புக்குள் பீரங்கி இல்லை. வானில் சண்டை இனி ரேடாரும் ஏவுகணையும்தான் என்று நம்பிய காலத்து விமானம் இது.

அந்த ரேடாருக்காகத்தான் இரண்டாவது இருக்கை. கடற்படை ஃபேன்டமில் பின்னால் இருப்பவருக்கு ஓட்டும் கருவிகள் கிடையாது; திரையைப் பார்த்து எதிரி எங்கே என்று சொல்வதே அவர் வேலை. 1972 மே 10 அன்று வியட்நாம் வானில் மூன்று மிக் விமானங்களை வீழ்த்திய ஃபேன்டமில் முன்னால் ரேண்டி கன்னிங்ஹாம், பின்னால் வில்லி டிரிஸ்கால். அந்த நாளோடு இருவர் கணக்கிலும் ஐந்து வெற்றிகள்.

அதனால் நான் நெடுநேரம் நிற்பது காக்பிட் முன்னால்தான். ஒவ்வொரு மீட்டரும் கடுகை விடச் சிறியது. தூரிகையில் சாம்பல் பெயிண்டைத் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, கறுப்புப் பலகையின் மேடுகளில் மட்டும் உரச வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு குமிழும் தனித்தனியே எழுந்து வரும்.

ஒருமுறை மூன்று வாரம் உட்கார்ந்து இதையெல்லாம் முடித்தேன். அவசரத்தில், காக்பிட்டை மூடும் கண்ணாடிக் கூடான கேனபியை சூப்பர் க்ளூவால் ஒட்டினேன். காலையில் பார்த்தால், பசையின் ஆவி படிந்து கண்ணாடி முழுக்க வெண்புகை. பின் இருக்கையே தெரியவில்லை. அன்றிலிருந்து கேனபிக்கு வெள்ளைப் பசைதான். பெரும்பாலும் திறந்தபடியே வைத்துவிடுகிறேன்.

நீங்கள் பார்க்கும் மாடலிலும் கேனபி திறந்திருந்தால் செல்போன் வெளிச்சத்தைச் சாய்வாகக் காட்டுங்கள். பின் இருக்கையின் தலைமாட்டில், நகக்கண் அளவுகூட இல்லாமல், மஞ்சளும் கறுப்பும் வரியிட்ட இரண்டு வளையங்கள் இருக்கும். ஆபத்தில் அவர் இழுக்க வேண்டியவை அவை. வரிகளை எண்ண முடிகிறதா என்று பாருங்கள்.