திருகாணியும் வெயிலும்: பெயின்ட்பால் மார்க்கர் பராமரிப்புக் குறிப்புகள் பற்றி

பெயின்ட்பால் மார்க்கரை எப்படிப் பராமரிப்பது என்று நம்ம ஆட்கள் சொல்வதையும் எழுதுவதையும் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இந்த விளையாட்டில் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் சின்னசேலத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கச்சிராயபாளையம் சாலையில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்குப் பிடித்து, பழைய மார்க்கர் பத்து வாங்கி மைதானம் போடப்போகிறார். கோமுகி அணைக்கும் வெள்ளிமலைக்கும் போகிற கூட்டம் வழியில் நிற்கும் என்பது கணக்கு. "அண்ணே, நீங்க படிக்கிற ஆளு, இதெல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க" என்று ஒரு கட்டு கொடுத்தார். டிப்மன் 98 கஸ்டம் மார்க்கரின் கம்பெனிக் கையேடு, வீடியோ பார்த்து அவரே கைப்பட எழுதிய ஒரு நோட்டு, வேறொரு மைதானத்தில் வேலை பார்த்த பையன் சொன்ன குறிப்புகள். இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் பற்றியது.

முதலில் பாராட்டு. கழற்றி மாட்டும் பகுதி அருமை. டிப்மன் 98 இரண்டு பாதி உடம்பைத் திருகால் சேர்த்த சாதனம். திருகைக் கழற்றிப் பாதியைத் தூக்கினால் ஸ்பிரிங், சுத்தியல் போல் அடிக்கும் பின்போல்ட், வால்வு எல்லாம் வரிசையாகத் தெரியும். டிவிஎஸ் 50 கார்புரேட்டரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை. நோட்டில் தம்பி எழுதியிருப்பதும் மெக்கானிக் எழுத்துதான்: சிலிண்டர் வாயில் புஸ்ஸென்று கசிந்தால் அங்கே உள்ள ஓ-ரிங். பேரல் வழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தால் வால்வின் கப் சீல். விசையை ஒருமுறை இழுத்ததும் தானாகவே படபடவென்று அடித்துக்கொண்டே போனால் பின்போல்ட் ஓ-ரிங்கைப் பார், இல்லை கேஸ் தீரப்போகிறது. டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரே அடிக்காதே, ரப்பர் கெட்டுப்போகும்; மார்க்கர் எண்ணெய் சில சொட்டு போதும். இதில் ஒரு வரிகூட நான் மாற்றமாட்டேன்.

ஆனால் மூன்று பக்கம் எழுதிய நோட்டில் வேகம் பற்றி ஒரே ஒரு வரி: "ஸ்பீடு ஸ்க்ரூ இடது பக்கம், பவர் பத்தலன்னா திருப்பு." என் புகார் முழுக்க அந்த ஒரு வரி மேல்தான்.

பராமரிப்பு என்றால் நமக்கு "ஓட வைப்பது". மோட்டார் ஓடணும், பம்பு தண்ணி எடுக்கணும். அதே அளவுகோலை மார்க்கருக்கும் வைக்கிறோம்: அடிக்குதா, சரி. திருவிழாக் கடையில் பலூன் சுடுகிற ஏர் கன்னுக்கு அது போதும். அங்கே குறி பார்க்கும் முள் கோணலாக இருந்தால் நமக்குப் பத்து இருபது ரூபாய் நட்டம், கடைக்காரருக்கு லாபம். ஸ்பிரிங் தளர்ந்தால் பலூன் வெடிக்காது, அவ்வளவுதான். பெயின்ட்பாலில் பலூன் இருக்கிற இடத்தில் ஆள் நிற்கிறார். இங்கே கெட்டுப்போன மார்க்கரைவிட அளவுக்கு மீறி நன்றாக அடிக்கிற மார்க்கர்தான் ஆபத்து.

எண்ணைச் சொல்லிவிடுகிறேன். கையேடு வைக்கும் எல்லை நொடிக்கு 300 அடி. பல மைதானங்கள் 280க்கே நிறுத்திக்கொள்கின்றன. குண்டின் எடை சுமார் 3 கிராம். 300 அடி வேகத்தில் அதன் ஆற்றல் ஏறக்குறைய 12.5 ஜூல். வேகம் 350 ஆனால் 17 ஜூல். வேகம் ஏறியது ஆறில் ஒரு பங்கு, அடி ஏறியது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். காதுக்கு இரண்டு சத்தமும் ஒன்றுதான். முதுகில் படுகிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வராயன் மலையில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தி பேப்பரில் அடிக்கடி வரும். அதனாலேயே தம்பி "துப்பாக்கி" என்ற சொல்லை வாயிலேயே எடுப்பதில்லை, "மார்க்கர்" என்பதில் கறாராக இருக்கிறார். மழுப்பல் சொற்கள் எனக்குப் பிடிக்காது. ஆனால் இது மழுப்பல் இல்லை, வரலாறு. அமெரிக்காவில் நெல்சன் பெயின்ட் கம்பெனிக்காக டெய்சி நிறுவனம் செய்த நெல்ஸ்பாட் 007 என்ற சாதனம், காட்டில் வெட்டவேண்டிய மரத்துக்கும் பண்ணையில் மாட்டுக்கும் தூரத்தில் நின்றே அடையாளம் போடுவதற்கானது. நம்ம வனத்துறையில் முத்திரைச் சுத்தியலும் பெயின்டும் செய்கிற வேலை. அதை எடுத்து மனிதர்கள் ஒருவரை ஒருவர் குறிவைத்து ஆடிய முதல் ஆட்டம் 1981 ஜூன் 27 அன்று, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்ற ஊர்க் காட்டில், 12 பேரோடு நடந்தது. ஜெயித்தவர் ரிச்சி ஒயிட், காட்டுத் தொழில் தெரிந்தவர்; ஒரு குண்டுகூடச் சுடவில்லை. (எனக்கு இந்த விளையாட்டில் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.) ஆக, மரத்துக்குச் செய்த கருவி மனிதன் பக்கம் திரும்பியது. மரத்துக்குக் கண் இல்லை. வேக எல்லை என்ற பேச்சுக்குத் தேவை வந்ததே அந்தத் திருப்பத்தால்தான்.

இப்போது அந்தத் திருகாணி. டிப்மன் 98இல் அதை உள்ளே முடுக்கினால் கேஸ் போகும் வழி குறுகும், வேகம் குறையும். வெளியே தளர்த்தினால் வேகம் கூடும். நம்ம கைக்கு "டைட் பண்ணா பவர் ஏறும்" என்றே பழக்கம். பின்னால் ஸ்பிரிங்கை அழுத்துகிற வகைத் திருகு உள்ள ஸ்பைடர் போன்ற மார்க்கர்களில் அது உண்மையும்கூட. ஒரே மைதானத்தில் இரண்டு வகையும் கலந்து கிடந்தால், ஒரே திருப்பு ஒன்றில் வேகத்தைக் குறைக்கும், இன்னொன்றில் ஏற்றும். தம்பி வாங்கப்போகும் பத்தும் ஒரே ரகம் இல்லை. நோட்டின் "திருப்பு" என்ற சொல்லுக்கு எந்தப் பக்கம் என்ற பதிலே இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை வெயில். மார்க்கரைத் தள்ளுவது பெரும்பாலும் கரியமில வாயு. சிலிண்டருக்குள் அது பாதி திரவமாக இருக்கிறது. அதன் அழுத்தத்தை நிர்ணயிப்பது வெப்பம். 20 டிகிரியில் சுமார் 830 பிஎஸ்ஐ. 25 டிகிரியில் 930ஐத் தொடும். 31 டிகிரியில் 1,070. அதற்கு மேல் திரவம், வாயு என்ற பிரிவே இல்லை. எவ்வளவு நிரப்பியிருக்கிறோமோ அதைப் பொறுத்து அழுத்தம் விறுவிறுவென ஏறும். சின்னசேலத்துச் சித்திரை மத்தியானம் 31ஐக் காலையிலேயே தாண்டிவிடும். வெள்ளிமலையில் விடியற்காலைக் குளிரில் 280 அடிக்குச் சரியாக வைத்த மார்க்கரை அன்று மதியமே அடிவாரத் தோப்பில் எடுத்தால், திருகை யாரும் தொடாமலே வேகம் எல்லையைத் தாண்டியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு: படபடவென்று சுடும்போது திரவம் ஆவியாகிச் சிலிண்டர் குளிர்ந்து வேகம் இறங்கும். அந்த நேரத்தில் "பவர் பத்தல" என்று திருகைத் தளர்த்தினால், பத்து நிமிஷம் ஓய்ந்து சிலிண்டர் சூடேறியதும் முதல் குண்டு பாய்கிற வேகம் வேறு.

அதனால்தான் திருகாணியோடு சேர்ந்து குரோனோகிராஃப் என்ற வேகம் அளக்கும் கருவி இல்லாவிட்டால் அந்த "அட்ஜஸ்ட்மென்ட்" வெறும் யூகம் என்கிறேன். போன கோடையில் மலைவாசஸ்தலம் ஒன்றில் அக்கா பிள்ளைகளோடு விளையாடப் போயிருந்தேன். வேகம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பாக்க மாட்டோம் சார், அடிக்குதான்னு பாப்போம்" என்று பதில். சின்னவன் தொடையில் பட்ட வட்டம் கறுத்து மறைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவனுக்கு ஓ-ரிங் மாற்றக் கற்றுக்கொடுத்தவர்கள் அளக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

கையேட்டின் மீதும் ஒரு சின்னக் குறை. விளையாடும் முன் வேகத்தை அளந்துகொள் என்று அது கண்டிப்பாகச் சொல்கிறது. ஆனால் அந்த வரி எச்சரிக்கைகளின் கூட்டத்தில் நிற்கிறது. எல்லாமே தடித்த எழுத்தில் இருந்தால் கண் எதிலும் நிற்பதில்லை. நம்ம வீடியோக்காரர்களும் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டுப் படத்துக்கு வந்துவிடுகிறார்கள், நோட்டும் அவர்கள் வழியே போயிருக்கிறது.

தம்பியிடம் நான் சொன்னது: பத்துக்குப் பதில் ஒன்பது மார்க்கர் வாங்கு, அந்தக் காசைக் குரோனோகிராஃபுக்குப் போடு. காலையில் ஒருமுறை, பதினொரு மணிக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை அள. சிலிண்டரை நிழலில் ஓயவிட்டு, விட்டுவிட்டு ஐந்தாறு குண்டு சுட்டு, சராசரியை விட்டு உச்சத்தை எழுது. 270ஐ இலக்காக வைத்துக்கொண்டால் வெயிலுக்கு இடம் இருக்கும். வசதி வந்தால் ரெகுலேட்டர் உள்ள அழுத்தக் காற்றுச் சிலிண்டருக்கு மாறிவிடு. அதில் இந்த ஏற்ற இறக்கம் மிகவும் குறைவு. குண்டு ஜெலட்டின் தோல், ஐப்பசி ஈரத்தில் ஊதி பேரலிலேயே உடையும். டப்பாவை மூடி வை.

முகக்கவசம் பற்றி நோட்டில் "மாஸ்க் கட்டாயம்" என்று இருக்கிறது. சரிதான். ஆனால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடி ஐந்தே நிமிஷத்தில் வியர்த்து மங்கும், ஆள் அதைத் தூக்கித் துடைப்பார். பெயின்ட்பாலுக்கென்று ஏஎஸ்டிஎம் எஃப் 1776 தரத்தில் செய்த கண்ணாடி என்றாலும் நெற்றிமேல் ஏறிவிட்டால் ஒன்றுக்கும் உதவாது. ஆகவே பராமரிப்புப் பட்டியலில் ஓ-ரிங்குக்கு மேலேயே எழுதவேண்டியவை: ஆவி படியாத இரட்டை லென்ஸ், ஆட்டம் நிற்கும்போது பேரலுக்கு உறை, முகத்தைத் துடைத்துக்கொள்ள வலை கட்டிய ஒரு நிழல் பந்தல்.