எல்இடி எரிந்தது, சரி; பரிசோதனை எங்கே?

வீட்டிலேயே எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லும் எந்தக் கிட்டை வாங்கினாலும், எந்த வீடியோவைத் திறந்தாலும் முதல் பாடம் ஒன்றேதான். ஒரு பேட்டரி, ஒரு எல்இடி, இரண்டு ஒயர். விளக்கு எரியும், பிள்ளை கை தட்டும். அடுத்த பாடம் பஸ்ஸர். அதற்கடுத்தது சின்ன மோட்டார். கடைசிப் பக்கம் வரைக்கும் எல்லாம் சொன்னபடியே வேலை செய்யும்.

சில மாதங்களாக இந்தத் தொடக்கநிலைப் பரிசோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து வருகிறேன். இடம், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கூடம். துணைக்கு ஆறாவது படிக்கும் அக்கா மகள். ஒவ்வொன்றும் முடிந்ததும் நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: செய்வதற்கு முன் தெரியாத எது, செய்த பிறகு தெரிகிறது? பல பரிசோதனைகளுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. சில, தவறான பதிலைக் கொடுத்துவிட்டுப் போகின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

பட்டன் செல் மறைப்பது

மிகப் பிரபலமான முதல் பரிசோதனை, 3 வோல்ட் பட்டன் செல்லின் இரண்டு பக்கமும் எல்இடியின் கால்களைச் செருகுவது. ஒயர்கூட வேண்டாம், உடனே எரியும். பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? பேட்டரியில் எல்இடியை நேராகக் கொடுக்கலாம், ரெசிஸ்டர் தேவையில்லை என்ற முடிவுக்கு. மறுநாள் அதே பிள்ளை 9 வோல்ட் பேட்டரியில் அதே எல்இடியை வைக்கும். ஒரு பளிச், அவ்வளவுதான். எரிவதற்கும் எரிந்து போவதற்கும் நடுவில் இருக்க வேண்டியது ஒரு ரெசிஸ்டர். பட்டன் செல்லில் அது கண்ணுக்குத் தெரியாமல் செல்லுக்குள்ளேயே இருந்தது. அந்தச் சின்ன செல்லின் உள்தடை அதிகம். அதனால் கரண்ட் கட்டுக்குள் நின்றது. இதைச் சொல்லாத கிட், பரிசோதனையின் ஒரே சுவாரஸ்யமான விஷயத்தை மறைத்துவிட்டது என்பேன். (பட்டன் செல் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதையும் பல கிட்டுகள் பொடி எழுத்தில்தான் போடுகின்றன.)

இதையே கொஞ்சம் மாற்றிச் செய்து பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி, 470 ஓம் ரெசிஸ்டர். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டை 470ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15 மில்லிஆம்பியர். அடுத்து 1000 ஓம் போடுங்கள், 7 மில்லிஆம்பியர். 10,000 ஓம் போட்டால் 0.7 மில்லிஆம்பியர். கரண்ட் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆனால் வெளிச்சம் அந்த அளவுக்குக் குறைந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாது. 'மங்கலா இருக்கு, ஆனா எரியுதே' என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும். கண்ணை நம்ப முடியாது, அளக்க வேண்டும் என்பது அங்கேதான் தெரியவரும். மல்டிமீட்டர் வாங்கச் சொல்வதற்குச் சரியான நேரம் அதுதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மீட்டரை விட்டுவிட்டு, அதைவிட அதிக விலைக்கு வண்ணப் பெட்டிகளை வாங்கித் தருகிறோம்.

கரண்ட் எலுமிச்சையில் இல்லை

இரண்டாவது புகழ்பெற்ற பரிசோதனை எலுமிச்சை பேட்டரி. துத்தநாகம் பூசிய ஆணி ஒன்று, செம்புக் கம்பி ஒன்று, நடுவில் எலுமிச்சை. ஒரு பழத்துக்கு ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். மூன்று நான்கு பழங்களை வரிசையாக இணைத்தால் சிவப்பு எல்இடி மினுக்கென்று தெரியும். வீடியோவின் தலைப்பு எப்போதும் 'எலுமிச்சையிலிருந்து மின்சாரம்' என்றே இருக்கும்.

தலைப்பே தவறு. எலுமிச்சை வெறும் வழி. வேலை செய்வது துத்தநாகம். அது கரைந்துதான் மின்சாரம் வருகிறது. இதை நிரூபிக்க ஆய்வகம் எதற்கு? எங்கள் வீட்டில் பழத்தை எடுத்துவிட்டு ஒரு டம்ளரில் புளிக்கரைசலை வைத்தோம். மீட்டரில் ஏறக்குறைய அதே வோல்ட். உப்புத் தண்ணீரிலும் பெரிய மாற்றமில்லை. பிறகு கரைசலை அப்படியே வைத்துவிட்டு, செம்புக் கம்பிக்குப் பதிலாக இன்னொரு ஜிஐ கம்பியைப் போட்டோம். மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. 'அப்ப கரண்டு எலுமிச்சையில இல்லையா மாமா?' என்று அவளே கேட்டாள். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் அதைப் பரிசோதனை என்று சொல்ல மனம் வந்தது. அதுவரை நடந்தது வேடிக்கை. (கம்பி போட்ட கரைசலைக் கீழே ஊற்றிவிடுங்கள், சமையலுக்கு வேண்டாம்.)

இன்னும் ஒரு படி போகலாம். மூன்று டம்ளர்களை வரிசையாக இணைத்து அளந்தால் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். எல்இடியை மாட்டியதும் அந்த வோல்ட் இறங்கிவிடும். ஏன்? பட்டன் செல்லில் பார்த்த அதே உள்தடை. இரண்டு பரிசோதனைகளையும் இப்படிச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. கிட்டுகளில் அவை 3ஆம் பக்கத்திலும் 11ஆம் பக்கத்திலும் ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாமல் கிடக்கின்றன.

எரித்துப் பழகு என்பவர்களுக்கு

இந்தத் துறையில் நல்ல புத்தகம் இல்லையா என்றால், உண்டு. சார்ல்ஸ் பிளாட் எழுதி 2009இல் வந்த 'மேக்: எலக்ட்ரானிக்ஸ்' அதில் முக்கியமானது. 9 வோல்ட் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்ப்பதில் தொடங்குகிறார். உடனே மீட்டரை எடுத்து நாக்கின் தடையை அளக்கச் சொல்கிறார். முதலில் செய், பிறகு தத்துவம் என்பது அவர் முறை. பாகங்களை எரித்தும் கெடுத்தும்தான் கற்க வேண்டும் என்கிறார். முறை எனக்குப் பிடித்திருக்கிறது. கிட்டுகள் மறைக்கும் தோல்வியை அவர் பாடமாக முன்னால் வைக்கிறார்.

ஆனால் அந்த அறிவுரைக்கு ஒரு விலை இருக்கிறது. அது எல்லா ஊரிலும் ஒன்றல்ல. எங்கள் மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. கள்ளக்குறிச்சி டவுன் ஒருபக்கம், கல்வராயன் மலை இன்னொருபக்கம். மலைமேல் வெள்ளிமலையில் ஒரு பிள்ளையின் எல்இடி எரிந்து போனால் அதன் விலை இரண்டு மூன்று ரூபாய்தான். மாற்று வாங்க பஸ் பிடித்து மலை இறங்கி, கோமுகி அணை, கச்சிராயப்பாளையம் தாண்டி டவுனுக்கு வர வேண்டும். ஒரு நாள் போச்சு. 2024 ஜூனில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அங்கே பேசப்பட்டவற்றில் சாலையும் போக்குவரத்தும் உண்டு. கோர்ட் வரைக்கும் போன ஒரு பிரச்சினையை, 'எரித்துப் பழகு' என்ற வாசகத்தால் தாண்டிவிட முடியாது.

அப்படியென்றால் மலைப்பிள்ளை தோல்வியே பார்க்கக் கூடாதா? பார்க்க வேண்டும். எதுவும் எரிந்து போகாத தோல்வியாக அது இருக்க வேண்டும். அதற்கு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது.

மூன்று பக்கம் சுரண்டு

அரவிந்த் குப்தாவின் எளிய மோட்டாரைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு டார்ச் செல், இரண்டு சேஃப்டி பின், ஒரு காந்தம், சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம், கொஞ்சம் எனாமல் பூசிய செம்புக் கம்பி. கம்பியைச் சுற்றிக் காயிலாக்கி, இரண்டு முனைகளிலும் எனாமலைச் சுரண்ட வேண்டும். சூட்சுமம் இங்கேதான். முழுக்கச் சுரண்டக் கூடாது. ஒரு பக்கம் எனாமல் இருக்க வேண்டும். சுற்றிலும் சுரண்டினால் காயில் பெரும்பாலும் இப்படியும் அப்படியும் ஆடி நின்றுவிடும். பாதிச் சுற்றில் ஒரு பக்கமும் மறுபாதியில் எதிர்ப்பக்கமும் தள்ளு விழுவதுதான் காரணம். சுரண்டாமல் விட்ட பக்கம் சரியான நேரத்தில் கரண்டை வெட்டிவிடுகிறது. பெரிய மோட்டாரில் கம்யூட்டேட்டர் செய்யும் வேலை இது.

இங்கே தோல்விக்குச் செலவே இல்லை. கம்பியைத் திருப்பி வைத்து மறுபடி முயலலாம். பொருளுக்கும் பஞ்சமில்லை. போர்வெல் மோட்டாரை நம்பி விவசாயம் செய்யும் ஊர் இது. காயில் கட்டும் கடைக்குப் போய் 'ஒரு மீட்டர் வைண்டிங் கம்பி கொடுங்கண்ணே' என்றால் துண்டுக் கம்பி கிடைக்கும். காந்தத்துக்குப் பழைய ஸ்பீக்கர் போதும்.

குப்தா தனித்து முளைத்தவர் அல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தின் காற்று பட்டவர். அந்தத் திட்டத்தின் பாடநூலில் பரிசோதனையும் கேள்வியும் இருக்கும், விடை இருக்காது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. 30 வருடம் ஓடிய திட்டம் என்பதால், நடைமுறைக்கு ஒத்து வராது என்று யாரும் தள்ளிவிட முடியாது.

நம் மாநிலத்திலும் முயற்சி உண்டு. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் கருத்தாளர்களை அனுப்பி, எளிய பொருட்களால் அறிவியல் செய்ய வைக்கிறது. நல்ல திட்டம். என் குறை ஒன்றே: பள்ளிக்கு வரும் பொருள் பள்ளியோடு நின்றுவிடக் கூடாது. வீட்டுக்குப் போய், சாயங்காலம் தனியாக உட்கார்ந்து, 'இதை மாத்திப் போட்டா என்ன ஆகும்?' என்று பார்க்கிற நேரத்தில்தான் எலக்ட்ரானிக்ஸ் பிடிபடும்.

மின்தேக்கியும் கண்டன்சரும்

இன்னொரு தடை மொழி. பாடப்புத்தகத்தில் மின்தேக்கி என்று ஒன்று வருகிறது. பிள்ளை வரையறையை மனப்பாடம் செய்கிறது. அதே வீட்டில் 'ஃபேன் மெதுவா சுத்துது, கண்டன்சர் போயிடுச்சு' என்று அப்பா சொல்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. கடையில் மின்தடையாக்கி கேட்டால் முழிப்பார்கள், 'ஒன் கே ரெசிஸ்டர்' என்றால் எடுத்துத் தருவார்கள். மெக்கானிக் கைக்குத் தெரிந்தது மாணவர் வாய்க்குத் தெரிந்ததோடு சேருவதே இல்லை.

அமெரிக்காவில் ஃபாரஸ்ட் மிம்ஸ் கையெழுத்திலேயே எழுதிப் படம் வரைந்த தொடக்கநிலைப் புத்தகம் 1983இல் வந்தது. வெளியிட்டது ரேடியோ ஷாக் என்ற கடைத்தொடர். பாகமும் புத்தகமும் ஒரே கடையில். புத்தகத்தில் இருக்கும் பெயரே கடைப் பெட்டியிலும் இருக்கும். நான் தூய தமிழ்ச் சொல்லுக்கு எதிரி இல்லை. இரண்டு சொல்லையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள் என்கிறேன். பழைய ஃபேன் கண்டன்சரைக் கழற்றி விளையாட வேண்டாம், அதில் சார்ஜ் தங்கியிருக்கும். 16 வோல்ட் தாங்கும் 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை 9 வோல்ட் பேட்டரியில், பிளஸ் மைனஸ் பார்த்துத் தொட்டு எடுங்கள். பிறகு 1000 ஓம் ரெசிஸ்டரோடு எல்இடியில் வையுங்கள். பேட்டரி இல்லாமலே எரிந்து, மெல்ல மங்கி அணையும். 'தேக்கி' என்ற சொல்லுக்கு அர்த்தம் அப்போது தானாக விளங்கும்.

இதே இடைவெளியில்தான் எல்இடி பல்ப் ரிப்பேர் வீடியோக்கள் புகுந்துகொள்கின்றன. கெட்டுப்போன ஒரு சில்லைக் கண்டுபிடித்து அதைக் குறுக்கே சேர்த்து ஒட்டு, பல்ப் எரியும் என்கிறார்கள். எரியும். ஆனால் அந்தச் சில் சுமந்த வோல்ட் இப்போது வேறு பாகங்களின் தலையில் விழுகிறது. சீக்கிரமே அடுத்தது போகும். அதைவிட முக்கியம், பல மலிவு பல்புகளின் உள்சுற்று 230 வோல்ட்டிலிருந்து பிரிக்கப்படாதது. தொட்டால் வீட்டு லைனையே தொட்ட மாதிரி. பிள்ளைகள் கையில் கொடுக்கத் தகுந்த பாடம் பார்ப்பது மட்டும்தான். ஹோல்டரிலிருந்து கழற்றிய பல்பின் மூடியைப் பெரியவர் திறந்து காட்டட்டும். கரும்புள்ளி விழுந்த ஒரே ஒரு சில். அது போனதால் எல்லாமே அணைந்தன. தொடர் இணைப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகவே ஒரு பரிசோதனையை எடை போட நான் இப்போது மூன்று விஷயம் பார்க்கிறேன். ஒரே ஒரு பொருளை மாற்றினால் விடை மாறுகிறதா? தவறினால் மலை இறங்காமல் மறுபடி செய்ய முடியுமா? அதில் வரும் பாகத்தைக் கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று எழுதியிருக்கிறதா? கிட் தயாரிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பஸ்ஸரையும் பிளாஸ்டிக் விசிறியையும் எடுத்துவிடுங்கள். அந்தக் காசுக்கு உதிரியாகப் பத்து எல்இடி, ஒரு மல்டிமீட்டர், வெற்றுப் பக்கங்கள் உள்ள ஒரு நோட்டு வையுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கேள்வி போதும்: இரண்டு பழைய டார்ச் செல்லில் சிவப்பு எல்இடி எரிகிறது, வெள்ளை எரியவில்லை, ஏன்?